பேஸ்பால் பிட்சிங் மைல்கல்களை எப்படி படிக்கறது, எப்படி நேர்ல பிடிக்கறது: கிரிக்கெட் பாத்து வளந்தவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கால இருக்குற நம்ம ஆளுங்கள்ல நெறைய பேர் பேஸ்பால் கேமுக்கு போறதே ஆஃபீஸ்ல ஃப்ரீ டிக்கெட் குடுத்தா தான், போயி நாலாவது இன்னிங்ஸ்ல நாச்சோஸ் தீந்ததும் "பார்க்கிங்ல மாட்டிக்குவோம்"னு கிளம்பி வந்துடுவாங்க. கேம் போர்னு சொல்லுவாங்க, ஆனா விஷயம் அது இல்ல, எதை பாக்கணும்னு யாரும் சொல்லி குடுக்கல. ஸ்கோர் 1-0ன்னு சப்புன்னு இருக்கும், ஆனா மவுண்ட் (பந்து போடுற மேடு) மேல நிக்கிற ஆளு பதினஞ்சு வருஷம் தோள்பட்டை தேய போட்டு ஒரு பெரிய நம்பரை தொட போறாரு, ஸ்டேடியமே எழுந்து நிக்குது, நம்மாளு மட்டும் போனை நோண்டிட்டு இருப்பான்.

அதுக்கு தான் இந்த கைடு. பிட்சர்களோட (நம்ம பவுலர் மாதிரி, பந்து போடுறவங்க) மைல்கல் என்னென்ன, எதுக்கு எவ்ளோ மதிப்பு குடுக்கலாம், நேர்ல பாக்க எப்படி கணக்கு போட்டு டிக்கெட் எடுக்கறதுன்னு வரிசையா பாக்கலாம். எல்லா ஸ்டெப்லயும் ஒரே ஒரு கேள்வியை கையில வெச்சுக்கங்க: இந்த நம்பர்ல பிட்சரோட கை எவ்ளோ, மத்தவங்க கை எவ்ளோ? இதை கேக்க ஆரம்பிச்சா டிவில கத்துற பாதி மைல்கல் சின்னதாயிடும், யாரும் கண்டுக்காத சிலது பெருசாயிடும்.

ஸ்டெப் 1: பாக்ஸ் ஸ்கோர்ல பிட்சர் வரியை படிக்க கத்துக்கங்க

ஒரு டீமுக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆக மொத்தம் 27 அவுட். இந்த 27ங்குற நம்பர் தான் எல்லாத்துக்கும் அடிப்படை, மனசுல போட்டு வெச்சுக்கங்க.

கேம் முடிஞ்சதும் பிட்சர் பேருக்கு நேரா 6.2, 5, 3, 2, 1, 8 அப்படின்னு ஒரு வரிசை வரும். எத்தனை இன்னிங்ஸ் போட்டாரு, எத்தனை ஹிட் குடுத்தாரு, எத்தனை ரன், அதுல எத்தனை எர்ண்டு ரன், எத்தனை வாக், எத்தனை ஸ்ட்ரைக்அவுட், இதான் ஆர்டர். ஹிட்னா பேட்டர் அடிச்சு பத்திரமா பேஸுக்கு போய் சேர்றது, வாக்னா பிட்சர் நாலு தப்பான பந்து போட்டு பேட்டரை சும்மா ஃபர்ஸ்ட் பேஸுக்கு விடறது, ஸ்ட்ரைக்அவுட்னா மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் பண்றது. அந்த 6.2ஐ பாத்து வெள்ளைக்காரனே முதல்ல குழம்புவான், நமக்கு அது பிரச்சனையே இல்ல, 6.2 ஓவர்னா 6 ஓவர் 2 பால்னு சின்ன வயசுல இருந்தே தெரியும்ல, இங்க 6 இன்னிங்ஸ் 2 அவுட், அதாவது 20 அவுட்.

ரன் 3, எர்ண்டு ரன் 2ன்னு ஏன் வித்தியாசம்னா, ஃபீல்டர் சொதப்பி (எரர்னு ஸ்கோரர் குறிச்சு) வந்த ரன்னை பிட்சர் தலையில கட்ட மாட்டாங்க. கிரிக்கெட்ல கேட்ச் விட்டா பவுலர் பாவம், அவர் கணக்குல தான் ரன் ஏறும், இங்க அந்த அளவுக்கு நியாயம் உண்டு. எர்ண்டு ரன்னை 27 அவுட்டுக்கு எவ்ளோன்னு மாத்தினா அதான் ஈஆர்ஏ. மேல உள்ள ஆளுக்கு 20 அவுட்ல 2 எர்ண்டு ரன், 2ஐ 27ஆல பெருக்கி 20ஆல வகுத்தா 2.70. நல்ல நம்பர். 3க்கு கீழ இருந்தா ரொம்ப நல்லது, 4 பக்கம் சுமார், 5 தாண்டினா மேனேஜர் முகம் மாறும். பழைய நம்பர் எல்லாமே பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல இலவசமா கிடைக்கும், ஆட்டக்காரர் பேரை போட்டு கேம் லாக் பாத்தா ஒவ்வொரு மேட்சும் தனித்தனியா வரும்.

ஸ்டெப் 2: ஸ்ட்ரைக்அவுட்ல ஆரம்பிங்க, 3000 தான் அளவுகோல்

முதல்ல இதை எடுக்கறதுக்கு காரணம், பிட்சரோட கை அதிகமா இருக்குற நம்பர் இது. பந்தை பேட்டர் அடிக்கல, ஃபீல்டர் யாரும் ஓடல, கேட்சர் பிடிச்சாரு, முடிஞ்சது. இதுலயும் ஒரு கூத்து உண்டு, மூணாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் கீழ விட்டுட்டா சில நேரம் பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடிப்போயி தப்பிச்சுக்கலாம், ஆனா பிட்சருக்கு ஸ்ட்ரைக்அவுட் கணக்குல ஏறிடும், அதனால ஒரே இன்னிங்ஸ்ல 4 ஸ்ட்ரைக்அவுட் கூட வந்திருக்கு.

3000ஐ முதல்ல தொட்டவர் வால்டர் ஜான்சன், 1923ல. அடுத்த ஆள் பாப் கிப்சன் வர 1974 ஆச்சு. அரை நூற்றாண்டு ஒத்தை ஆள் கிளப்! அப்புறம் கேட் திறந்த மாதிரி ஆயிடுச்சு, 2025 ஜூலை 2ஆம் தேதி டாட்ஜர்ஸோட கிளேட்டன் கெர்ஷா 20வது ஆளா உள்ள வந்தாரு, இடதுகைக்காரங்கள்ல நாலாவது ஆளு தான். ஏன் இப்படி கூடுச்சு? ஜான்சன் காலத்துல ஸ்ட்ரைக்அவுட் ஆகறது பேட்டருக்கு மானப் பிரச்சனை, எப்படியாவது பந்தை தொட்டு விடுவாங்க. இப்ப எல்லாரும் ஹோம் ரன்னுக்கு சுத்துறாங்க, மாட்டுச்சுன்னா வெளிய, இல்லன்னா அவுட், யாரும் வெக்கப்படறது இல்ல. அதனால பழைய ஆளோட 3000மும் புது ஆளோட 3000மும் ஒரே எடை இல்ல.

உச்சில யாருன்னா நோலன் ரையன், 5714. ரெண்டாவது ரேண்டி ஜான்சன் 4875. அந்த இடைவெளியை பாருங்க, ஒரு நல்ல பிட்சர் நாலு வருஷம் போட்டாலும் அடையாது. ரையன் ஆடினது 27 சீசன், 1973ல மட்டும் 383. ஆனா அதே ரையன் 2795 வாக்கும் குடுத்திருக்காரு, அதுவும் ரெக்கார்டு தான். அதனால ஸ்ட்ரைக்அவுட் பாத்தா பக்கத்துல வாக்கையும் சேத்து பாக்கறதை பழக்கமாக்கிக்கங்க. கிரெக் மேடக்ஸை எடுத்துக்கங்க, 3371 ஸ்ட்ரைக்அவுட், வாக் வெறும் 999. பந்து வேகம் பெருசா கிடையாது, ஆனா எங்க வேணுமோ அங்க போடுவாரு. என்னை கேட்டா ரெண்டு பேர்ல மேடக்ஸ் தான், ரையன் ஆளுங்க சண்டைக்கு வந்தாலும் பரவால்ல.

ஸ்டெப் 3: 300 வின், மரியாதை குடுங்க, ஆனா முழுசா நம்பாதீங்க

கிரிக்கெட்ல ஒரு பவுலர் 7 விக்கெட் எடுத்தாலும் ஜெயிச்சது டீம் தான். பேஸ்பால்ல வெற்றியை ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க. ஸ்டார்ட்டர்னா (கேமை ஆரம்பிக்கிற பிட்சர்) குறைஞ்சது 5 இன்னிங்ஸ் போட்டிருக்கணும், அவர் இறங்கும்போது டீம் முன்னணில இருக்கணும், அதுக்கப்புறம் அந்த முன்னணி ஒரு தடவை கூட கைவிட்டு போகக்கூடாது. அதாவது இவர் 8 இன்னிங்ஸ் ஒரு ரன்னும் குடுக்காம போட்டு, பின்னாடி வந்த ரிலீவர் ஒரே ஒரு பந்துல சமன் பண்ண விட்டா, இவருக்கு வின் போச்சு. இன்னொருத்தன் 5 இன்னிங்ஸ்ல 6 ரன் குடுத்தும் டீம் 10 ரன் அடிச்சா வின். ஸ்டெப் 1க்கு முன்னாடி சொன்ன கேள்வியை இங்க தான் நல்லா கேக்கணும்.

இதுக்கு உதாரணம் தேட வேணாம், 1987 ரையனே போதும். ஹூஸ்டன்ல ஆடினாரு, நேஷனல் லீக்லயே (ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணு, இன்னொண்ணு அமெரிக்கன் லீக்) குறைஞ்ச ஈஆர்ஏ 2.76, அதிக ஸ்ட்ரைக்அவுட் 270, ரெண்டுலயும் முதலிடம். வின்-லாஸ் எவ்ளோ தெரியுமா, 8-16. டீம் அடிக்கல, அவ்ளோதான். அந்த காலத்துல இதை பாத்து அவார்டுக்கு ஓட்டு போடுறவங்க முகம் சுளிச்சாங்க, ரையனுக்கு கடைசி வரைக்கும் ஒரு சை யங் அவார்டு (வருஷத்தோட சிறந்த பிட்சருக்கு குடுக்கறது) கூட கிடைக்கல. இப்ப மாறிடுச்சு. 2010ல ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 வெச்சு வாங்கினாரு, 2018ல ஜேகப் டிக்ராம் 1.70 ஈஆர்ஏ போட்டு வெறும் 10 வின்னோட வாங்கினாரு, 2025ல பால் ஸ்கீன்ஸ் 10-10, அவருக்கும் கிடைச்சுது.

இருந்தாலும் 300ஐ நான் தூக்கி போட மாட்டேன். வருஷத்துக்கு 15 வின், அதை 20 வருஷம் பண்ணணும், ஒரு சீசன்ல அதிர்ஷ்டம் இருக்கலாம், 20 சீசன்ல இருக்காது. இதுவரைக்கும் 24 பேர். உச்சில சை யங் 511, அவர் பேர்ல தான் அவார்டே. அவர் 749 கேமை முதல் பந்துல இருந்து கடைசி பந்து வரைக்கும் தானே போட்டு முடிச்சவரு, இன்னைக்கு ஒரு பிட்சர் வருஷத்துக்கு ரெண்டு முடிச்சாலே பேப்பர்ல வரும். ரெண்டாவது வால்டர் ஜான்சன் 417. இடதுகைக்காரங்கள்ல வாரன் ஸ்பான் 363, ரெண்டாம் உலகப்போருக்கு போயிட்டு வந்து 25 வயசுல தான் முதல் வின்னே வாங்கினவரு. வேடிக்கை என்னன்னா பேட் பிடிச்சு அவர் அடிச்ச ஹிட்டும் சரியா 363 தான்.

கடைசியா 300 தொட்டவர் ரேண்டி ஜான்சன், 2009 ஜூன், 45 வயசு. அதுக்கப்புறம் யாரும் இல்ல. ஜஸ்டின் வெர்லாண்டர் 2025 சீசன் முடிவுல 266ல நின்னாரு, வயசு 42. ஸ்டார்ட்டருக்கு வருஷத்துக்கு 30, 33 கேம் தான் கிடைக்குது, அதுலயும் ஆறாவது இன்னிங்ஸ்ல இறக்கிடுறாங்க, அதனால இந்த கிளப் கிட்டத்தட்ட பூட்டியாச்சுன்னு தான் தோணுது. பூட்டறதுக்கு முன்னாடி உள்ள போக முடியாம போனவங்கள்ல எனக்கு பிடிச்சவர் டாமி ஜான், 288. 1974ல இடது முழங்கைல லிகமென்ட் (எலும்புகளை இணைக்கிற நார்) கிழிஞ்சு போயி, டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையில இருந்து தசைநாரை எடுத்து அங்க வெச்சு தைச்சாரு, அந்த ஆபரேஷனுக்கே இப்ப டாமி ஜான் சர்ஜரின்னு தான் பேரு. 288ல 164 வின் ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது! அந்த 12 வின் குறைஞ்சதால இவரை சின்ன ஆளுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஸ்டெப் 4: ஈஆர்ஏ ரெக்கார்டை பாத்தா வருஷத்தையும் பாருங்க

1968ல பாப் கிப்சன் 1.12. 1920க்கு அப்புறம் வேற யாரும் கிட்ட வரல. ஆனா அந்த வருஷமே பிட்சர்களோட வருஷம், டென்னி மெக்லெய்ன் 31 வின் எடுத்தாரு, அமெரிக்கன் லீக்ல பேட்டிங் சாம்பியனோட ஆவரேஜே (அடிக்க வந்ததுல எத்தனை பங்கு ஹிட் ஆச்சுங்குறது) .301 தான். இது சரிப்படாதுன்னு 1969ல மவுண்ட் உயரத்தை 15 இஞ்சுல இருந்து 10 இஞ்சா குறைச்சாங்க, ஸ்ட்ரைக் ஸோனையும் (பந்து வந்தா ஸ்ட்ரைக்னு கணக்காகுற இடம்) சுருக்கினாங்க.

இதுக்கு நேர் எதிர் 2000. பேட்டர்கள் வெளுத்து கட்டின காலம், அமெரிக்கன் லீக் சராசரி ஈஆர்ஏவே 5 பக்கம். அதுல பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் 1.74. காலத்தையும் மைதானத்தையும் கழிச்சு பாக்க ஈஆர்ஏ ப்ளஸ்னு ஒண்ணு இருக்கு, 100ன்னா சராசரி, பெட்ரோவுக்கு அந்த வருஷம் 291. வெறும் நம்பர்ல கிப்சன் ஜெயிக்கிறாரு, கணக்குல பெட்ரோ. நான் பெட்ரோ பக்கம்.

ஸ்டெப் 5: நோ-ஹிட்டரும் பெர்ஃபெக்ட் கேமும்

இது ஒரே நாள்ல நடக்குற மைல்கல், அதனால நேர்ல இருக்கறவனுக்கு இதை விட பெருசு கிடையாது. நோ-ஹிட்டர்னா எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட இல்ல. வாக் போகலாம், எரர் ஆகலாம், பந்து உடம்புல பட்டு பேஸுக்கு போகலாம். பெர்ஃபெக்ட் கேம்னா அதுவும் கிடையாது, 27 பேர் வந்தான், 27 பேரும் திரும்பி போனான். ஸ்கோர்போர்டுல ரன், ஹிட், எரர் மூணும் வரிசையா இருக்கும், நடுவுல 0 இருந்தா நோ-ஹிட்டர் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். ஆனா வாக் அந்த போர்டுல வராது, பெர்ஃபெக்டா இல்லையான்னு தெரியணும்னா நீங்களே எண்ணியிருக்கணும், அதுக்கு தான் அடுத்த ஸ்டெப்ல ஸ்கோர் எழுத சொல்ல போறேன்.

2 லட்சத்துக்கும் மேல நடந்த கேம்கள்ல பெர்ஃபெக்ட் கேம் 24 தான், 24வது 2023 ஜூன்ல யாங்கீஸோட டொமிங்கோ ஹெர்மன் ஓக்லாண்டுல போட்டது. வேர்ல்டு சீரிஸ்லயே (சீசனோட ஃபைனல்) ஒரு தடவை நடந்திருக்கு, 1956ல டான் லார்சன், 97 பந்து. சரி, இவங்க எல்லாம் பெரிய பிட்சர்களான்னு கேட்டா, அங்க தான் விஷயம் இருக்கு. 2012ல பெர்ஃபெக்ட் கேம் போட்ட ஃபிலிப் ஹம்பருக்கு மொத்த கரியர்லயே 16 வின் தான். 7 நோ-ஹிட்டர் போட்ட ரையன் ஒரு பெர்ஃபெக்ட் கேம் கூட போடல (ஏழாவது வரும்போது வயசு 44, அதையும் சொல்லிடணும்).

ஏன்னா இதுல ஃபீல்டர் கை நிறைய. 2009ல சிகாகோவோட மார்க் பியூர்லி போட்ட பெர்ஃபெக்ட் கேம்ல, ஒன்பதாவது இன்னிங்ஸோட முதல் பேட்டர் அடிச்சு, ஹோம் ரன் போக வேண்டிய பந்தை டிவெய்ன் வைஸ் சுவர் மேல ஏறி பிடிச்சாரு, கையுறைல இருந்து நழுவி மறுபடி வெறும் கையில பிடிச்சாரு, அந்த இன்னிங்ஸுக்கு தான் அவரை ஃபீல்டுக்கே இறக்கியிருந்தாங்க. அந்த கேட்ச் விட்டிருந்தா பியூர்லி அன்னைக்கு எதுவுமே இல்ல.

அம்பயர் கையும் உண்டு. 2010 ஜூன் 2, டெட்ராய்ட்ல ஆர்மாண்டோ கலராகா, 26 பேர் அவுட், 27வது ஆள் தரையோட அடிச்சான், ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பந்தை எடுத்து போட்டாரு, கலராகாவே ஓடி வந்து பேஸ்ல பிடிச்சாரு, தெளிவா அவுட், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கையை விரிச்சு சேஃப்னுட்டாரு. ரிவ்யூ கேக்க வழி இல்லாத காலம். கலராகா கத்தல, திட்டல, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அடுத்த ஆளை அவுட் பண்ணி கேமை முடிச்சாரு. ரீப்ளே பாத்ததும் ஜாய்ஸ் தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாரு, மறுநாள் லைன்அப் கார்டை (ஆடுறவங்க பேர் எழுதி அம்பயர்கிட்ட குடுக்குற தாள்) கலராகாவே கொண்டு போயி அவர் கையில குடுத்தாரு. லிஸ்ட்ல அந்த கேம் இல்ல. என் லிஸ்ட்ல இருக்கு.

விதி எவ்ளோ கறார்னா, 1959ல பிட்ஸ்பர்க்கோட ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா போட்டாரு, 36 பேரை வரிசையா அவுட், அவர் டீம் ஒரு ரன் அடிக்கல, 13வது இன்னிங்ஸ்ல தோத்துட்டாரு. 1991ல விதியை இறுக்கி 9 இன்னிங்ஸுக்கு குறையாம போட்டு ஹிட் இல்லாமலே கேம் முடிஞ்சா தான் நோ-ஹிட்டர்னு சொன்னதும் இவர் பேரை எடுத்துட்டாங்க. 1964ல கென் ஜான்சன் 9 இன்னிங்ஸும் நோ-ஹிட்டர் போட்டு 1-0ன்னு தோத்தாரு, அது லிஸ்ட்ல இருக்கு! 2010ல எட்வின் ஜாக்சன் 8 வாக் குடுத்து 149 பந்து போட்டு முடிச்சதும் லிஸ்ட்ல இருக்கு. நீங்களே எடை போட்டுக்கங்க.

ஸ்டெப் 6: ஸ்கோர் கார்டு எழுதுங்க

கேட்ல கார்டு விப்பாங்க, பென்சிலும் கிடைக்கும். இடம் நம்பர் தெரிஞ்சா போதும்: பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்டு பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்டு லெஃப்ட்ல இருந்து 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து ஃபர்ஸ்ட்க்கு எறிஞ்சு அவுட்னா 6-3. சென்டர் ஃபீல்டர் கேட்ச்னா 8. ஸ்ட்ரைக்அவுட்னா இங்கிலீஷ் எழுத்து கே, பேட்டர் சுத்தாம பாத்துட்டே நின்னு அவுட் ஆனா அந்த கே எழுத்தை இடவலமா திருப்பி போடணும். ஸ்டேடியத்துல ரசிகர்கள் ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் தொங்க விடுற கே போர்டும் அதே தான்.

பந்து எண்ணிக்கையையும் ஓரத்துல குறிச்சுக்கங்க, 100 கிட்ட வந்தா மேனேஜர் புல்பென் (மாத்து பிட்சர்கள் தயாராகுற இடம்) பக்கம் பாப்பாரு. 2022 ஏப்ரல்ல மினசோட்டால கெர்ஷா 7 இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட், 13 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 80 பந்து, மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் இறக்கிட்டாரு. ஊரே திட்டுச்சு. ஆனா சீசனோட முதல் ஸ்டார்ட், கடும் குளிர், முந்தின வருஷம் முன்கை காயத்தோட முடிச்சவரு. அந்த கையை காப்பாத்தினதால தான் மூணு வருஷம் கழிச்சு 3000 வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது தான்.

ஸ்டெப் 7: சின்ன மைல்கல்கள், சுருக்கமா

ஒரே 9 இன்னிங்ஸ் கேம்ல 20 ஸ்ட்ரைக்அவுட், ரோஜர் கிளெமென்ஸ் ரெண்டு தடவை பண்ணினாரு, 1998ல கெர்ரி வுட் 20 வயசுல ஒரே ஹிட் குடுத்து பண்ணினது தான் பிட்சர் பண்ணின சிறந்த ஒத்தை கேம்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் சொல்லுவேன், அடுத்த வருஷம் பூரா முழங்கை ஆபரேஷன்ல போயிடுச்சு. ஒரு இன்னிங்ஸை 9 பந்துல 3 ஸ்ட்ரைக்அவுட்டோட முடிச்சா இமாகுலேட் இன்னிங்ஸ். தொடர்ந்து ரன் குடுக்காம போட்ட ரெக்கார்டு ஓரல் ஹெர்ஷைசர், 1988ல 59 இன்னிங்ஸ். சேவ்னு ஒண்ணு இருக்கு, சின்ன முன்னணியை காப்பாத்தி கேமை முடிக்கிறவருக்கு, மரியானோ ரிவேரா 652, ஆனா மூணு ரன் முன்னணில வந்து ஒரு இன்னிங்ஸ் போட்டாலும் சேவ் தான், அதனால இதை ரொம்ப தலையில தூக்கி வெச்சு ஆட வேணாம்.

ஸ்டெப் 8: டிக்கெட் கணக்கு

நோ-ஹிட்டரை யாரும் கணிக்க முடியாது, ஆனா 3000 மாதிரி நம்பரை முடியும். பாக்கி எவ்ளோ, கேமுக்கு சராசரி எவ்ளோ, ரெண்டையும் வகுங்க. 40 பாக்கி, கேமுக்கு 6ன்னா 7 ஸ்டார்ட். ஸ்டார்ட்டர் அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவை வருவாரு, அப்ப 35ல இருந்து 42 நாள். காலண்டர்ல அந்த வாரத்துல ஹோம் கேம் எது எதுன்னு பாத்து, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு சேத்து குறிச்சுக்கங்க.

ஆனா முன்கூட்டியே காசை கொட்டாதீங்க. கெர்ஷாவுக்கு 2025 சீசன் தொடங்கும்போது 32 தான் பாக்கி, கணக்குப்படி ஏப்ரல் மே-ல முடியணும், ஆனா ஆபரேஷன்ல இருந்து மே நடுவுல தான் திரும்பினாரு, நம்பர் வந்தது ஜூலைல. பிட்சர்னாலே காயம், மழை, ஒரு நாள் தள்ளிப்போறது எல்லாம் சகஜம். பாக்கி பத்துக்குள்ள வரட்டும், டீம் சைட்ல அடுத்த சில நாளைக்கு யார் போடுறாங்கன்னு பேர் வரும், பேர் வந்ததும் எடுங்க. ரீசேல்ல விலை ஏறித்தான் இருக்கும், ஆனா அவர் போடாத நாளுக்கு டிக்கெட் வெச்சுட்டு உக்காந்திருக்கறதுக்கு இது மேல்.

சீட்டு ஹோம் பிளேட் பின்னாடி கிடைச்சா பந்து வளையறது தெரியும், இல்லன்னா மேல் அடுக்குல நடுவுல எடுங்க, ஓரத்து சீட்டுல ஸ்ட்ரைக்கா பாலான்னே தெரியாது. இன்னொண்ணு, ஹோம் டீம் தான் முதல்ல ஃபீல்டிங், அதனால நீங்க பாக்க வந்த ஆளு தான் கேமோட முதல் பந்தையே போடுவாரு. 3000 தொட்ட அன்னைக்கு கெர்ஷாவுக்கு தேவைப்பட்டது வெறும் 3, அது ஆறாவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்துச்சு, ஆனா வேற ஆளா இருந்தா முதல் இன்னிங்ஸ்லயே முடிஞ்சிருக்கும், நீங்க அப்ப பார்க்கிங்ல இடம் தேடிட்டு இருப்பீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போயி, நாச்சோஸை வாங்கிட்டு, கார்டுல லைன்அப்பை எழுதி முடிச்சுடுங்க.